பழுது நீங்காத பழுதுபார்ப்பு

மொழியியல் படித்த எனக்கு உயிரணுவியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஒரு பெயர்தான் என்னை அங்கே இழுத்துச் சென்றது.

புற ஊதாக் கதிர் பட்டால், டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளக்கூடும். நகலெடுக்கும் நொதி அவ்விடத்தில் தடைப்பட்டு நிற்கும். 1968இல் ரப், ஹவர்ட்-ஃபிளாண்டர்ஸ் இருவரும், பழுதை வெட்டி நீக்கும் திறனற்ற ஈ.கோலை பாக்டீரியாவை ஆராய்ந்தனர். கதிர் பட்டபின் உருவாகும் புதிய இழையில் இடைவெளிகள் விழுவதையும், அவை பின்னர் நிரம்புவதையும் கண்டனர். இதற்கு 'நகலெடுப்புக்குப் பிந்தைய பழுதுபார்ப்பு' என்ற பெயர் நிலைத்தது. சிக்கல் இப்பெயரில்தான் இருக்கிறது. நிரம்பியது புதிய இழையின் இடைவெளி. பழைய இழையின் பழுதோ இருந்த இடத்திலேயே இருந்தது!

அதே 1968இல் ஜேம்ஸ் கிளீவர், ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் நோயின் காரணத்தை வெளிப்படுத்தினார். வெயில் பட்ட தோலில் இளமையிலேயே புற்றுநோய் தோன்றச் செய்யும் கொடிய மரபுநோய் இது. நோயாளிகளின் உயிரணுக்களால் புற ஊதாப் பழுதை வெட்டி நீக்க இயலவில்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில், அத்திறன் குறைவின்றி இருந்தும் அதே நோயால் துன்புற்றோர் சிலர் கண்டறியப்பட்டனர். விளக்கம் கிடைக்காத நிலையில் அவர்களுக்கு 'மாறுபட்ட வகை' என்று பெயரிட்டனர். காரணம் தெரியாதபோது ஆய்வாளர்கள் சூட்டும் பெயர் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது.

1975இல் ஆலன் லேமனும் உடன் ஆய்வாளர்களும், கதிர் பட்ட இவ்வுயிரணுக்களில் புதிய இழை முழு நீளம் அடையத் தாமதமாவதைக் காட்டினர். மறு ஆண்டு மேஹர், மெக்கார்மிக் குழுவினர், இவற்றில் மரபுப் பிறழ்வுகள் மிகுதியாகத் தோன்றுவதைக் கண்டனர். பழுது வெட்டி நீக்கப்படுகிறது, ஆயினும் பிழை பெருகுகிறது. அப்படியானால் அங்கே இல்லாமற்போனது எது?

விடை 1999இல் கிடைத்தது. ஜப்பானில் ஹனாவோகா குழுவும், அமெரிக்காவில் சத்ய பிரகாஷ், லூயிஸ் பிரகாஷ் குழுவும், இந்நோயாளிகளிடம் பழுதுற்றிருப்பது டி.என்.ஏ. பாலிமரேஸ் ஈட்டா என்னும் நொதிக்குரிய மரபணு என நிறுவின. விந்தையான நொதி இது. பழுதற்ற இழையை நகலெடுக்கும்போது அடிக்கடி பிழை செய்யும். பிழைதிருத்தும் ஆற்றலும் இதற்கில்லை. ஆனால் பிணைந்த இரு தைமின்களையும் தன் அகன்ற வினைக்களத்தில் ஏற்று, அவற்றுக்கு எதிரே இரண்டு அடினைன்களைப் பெரும்பாலும் சரியாகவே வைத்துவிடும். செல்லரித்த ஏட்டை மட்டும் பிழையின்றிப் படிக்கத் தெரிந்த எழுத்தர் போல. இது இல்லாதபோது, அப்பணிக்குப் பொருந்தாத வேறு நொதிகள் அவ்விடத்தைக் கடக்கின்றன, பிறழ்வுகள் பெருகுகின்றன.

இச்செயல் இன்று பழுதுபார்ப்பாகக் கருதப்படுவதில்லை. பழுதைப் பொறுத்துக்கொள்ளல் என்றே வகைப்படுத்தப்படுகிறது. தமிழில் 'பழுதுகடந்த நகலெடுப்பு' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. நோயின் பெயர் மட்டும் மாறவில்லை. காரணமான மரபணு தெரிந்து கால் நூற்றாண்டு கடந்தபின்னும், மருத்துவ நூல்களில் அது 'மாறுபட்ட வகை'தான்.