பால்வாடி டீச்சருக்கு யார் பாடம் நடத்தினார்கள்?

கீழ்க்கட்டளையிலிருந்து கோவிலம்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரைக்கும் கொஞ்சம் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனால் ஒரு வார்த்தை அடிக்கடி கண்ணில் படும். 'மாண்டிசோரி'. அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் ஒரு ப்ளே ஸ்கூல், சுவரில் மிக்கி மவுஸ், போர்டில் மாண்டிசோரி. (அந்தப் பெயருக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாததால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்டும் கொள்கிறார்கள் :-)). அந்தப் பெயருக்குச் சொந்தக்கார அம்மணி, இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அடையாறில் குடியிருந்து பாடம் நடத்தினார் என்பது போர்டு எழுதியவருக்குத் தெரியுமோ என்னவோ.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்குப் படிப்பு எதற்கு, அதெல்லாம் பெண்களுக்குத் தானாக வருவதுதானே என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதற்கும் பயிற்சி வேண்டும் என்று மதராஸில் நூறு வருடத்துக்கு முன்பே சிலர் பிடிவாதமாக இருந்தார்கள். அந்தக் கதைதான் இது. கூடவே, அந்தப் பயிற்சிக்குச் சமூகம் என்ன விலை வைத்தது என்ற கதையும்.

முதலில் சகோதரி சுப்புலட்சுமி. 1886-ல் பிறந்தவர், சிறுவயதிலேயே விதவை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு எழுதி வைத்திருந்தது மொட்டைத்தலையும் சமையலறை மூலையும்தான். இவரோ மாநிலக் கல்லூரியில் படித்து 1911-ல் பட்டம் வாங்கினார். மதராஸ் மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்று சொல்வார்கள். அப்புறம் தன்னைப் போன்ற பால்ய விதவைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு விடுதி. கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டிடம் இருக்கிறதே, விவேகானந்தர் இல்லம், அதுதான் ஒரு காலத்தில் அந்தப் பெண்களின் வீடு.

இவர் போட்ட கணக்கு எளிமையானது. பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தால் ஆண் வாத்தியாரிடம் அனுப்பத் தயங்குகிறார்கள். பெண் வாத்தியார் கிடைப்பதில்லை. இந்தப் பக்கம் வேலையே இல்லாமல் மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள். இரண்டையும் சேர்த்தால்? காமர்ஸ் பாஷையில் சொன்னால் டிமாண்டும் சப்ளையும் ஒரே தெருவில் இருந்தன, நடுவில் பயிற்சிதான் இல்லை. 1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதன் முதல் முதல்வர் இவரே.

அடுத்தது 1939. மரியா மாண்டிசோரி அந்த வருடம் நவம்பரில் மகன் மாரியோவுடன் மதராஸில் வந்து இறங்கினார். வயது 69. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பு. (ருக்மிணி தேவியின் கணவர் என்றால் சட்டென்று புரியும்.) சில மாதம் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் 300 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டகையில் வகுப்பு. அம்மணி இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார், கேட்பவர் தன் தலைக்குள் தமிழிலோ குஜராத்தியிலோ மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்று மொழி தாண்டி வந்த பாடம்!

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியர் என்பதால் இருவரும் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையாருக்கு அடையாறு வளாகத்தைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்றைக்கு அரசாங்கமே மகனை விடுவித்து அதைப் பிறந்தநாள் பரிசாகத் தெரிவித்தது. அதுவரை வெளியுலகுக்கு மாரியோ உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன் என்றெல்லாம்தான் சொல்லப்பட்டு வந்தார். திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்பதால் அந்தக் காலத்து ஊர்வாய்க்குப் பயந்து மறைத்தது. 'மகன்' என்று பகிரங்கமாகச் சொன்னது பிரிட்டிஷ் வைஸ்ராயின் தந்தி! உலகத்துக்கே குழந்தை வளர்ப்புப் பாடம் நடத்தியவருக்குத் தன் குழந்தையைத் தன்னோடு வைத்து வளர்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

போர் முடியும்வரை அடையாறு, கொடைக்கானல் என்று இருந்து, நடுவில் ஐரோப்பா போய் வந்து, 1949-ல்தான் கடைசியாகக் கிளம்பினார். ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் இந்தியாவில் அவரிடம் பயின்றிருந்தார்கள். அவருடைய புகழ்பெற்ற 'தி அப்சார்பென்ட் மைண்ட்' புத்தகம் முதலில் அச்சானதும் அதே 1949-ல், இதே அடையாறில்தான். ஆனால் ஒன்று. பயிற்சி எடுத்தவர்கள் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் வசதியான பள்ளிகளுக்கு. ஏரிக்கரைக் கிராமமாக இருந்த கோவிலம்பாக்கத்துக்கு அந்தப் பாடம் அப்போது வரவில்லை.

சரி, ஆசிரியர் பயிற்சி ஆயிற்று. குடும்பத்தையே தூக்கி நிறுத்தும் வேலைக்கு? அதற்கென்று ஒரு கல்லூரி முதலில் பம்பாயில் வந்தது. கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் முயற்சியில், டாடா அறக்கட்டளைப் பணத்தில், 1936-ல். இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். மதராஸுக்கு 1952-ல் வந்தது, மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். கொண்டுவந்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ். ஊட்டியில் பிறந்த பார்சிப் பெண்மணி. 1935-ல் கணவர் இறந்ததும் கில்ட் ஆஃப் சர்வீஸில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தினருக்கு விருந்தோம்பல் குழு, 1956-ல் நகர ஷெரீஃப், கடைசியில் பத்ம விபூஷண். அவர் உறுதியாகச் சொன்ன விஷயம், நல்ல மனசு மட்டும் போதாது, சமூக சேவைக்கும் முறையான படிப்பு வேண்டும் என்பது. அதற்குத்தான் எழும்பூர் காஸா மேஜர் ரோட்டில் கல்லூரி.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு, 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர் கட்டாயம் என்றது. (பி.காம் படித்தவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிரிவு!) உடனே வேலை உருவானது, சம்பளம் உருவானது. சமூகப்பணி படித்தவர்கள் அந்தப் பக்கம் நடந்தார்கள். தொழிலாளர் நலம் பர்சனல் மேனேஜ்மெண்ட் ஆகி, பிறகு ஹெச்.ஆர். ஆனது. குழந்தை நலம் படித்தால் அதே மாதிரி உத்தரவாதமான நாற்காலி எங்கேயும் கிடையாது. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டம் எந்த நாற்காலியைக் கட்டாயமாக்குகிறதோ அதை நோக்கித்தான் படிப்பும் ஓடும்.

குழந்தைகளுக்குச் சட்டமே இல்லையா என்றால், இருந்தது. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1920-ல் வந்ததுதான். தவறு செய்த சிறுவர்களைப் பெரியவர்களின் ஜெயிலில் போடாமல் திருத்த வேண்டும் என்பது நோக்கம். செங்கல்பட்டில் அதற்கும் முந்தைய சீர்திருத்தப் பள்ளி இருந்தது. காப்பாளர், கண்காணிப்பாளர் என்று பதவிகளும் வந்தன. ஆனால் அந்தப் பதவியில் இருப்பவருக்குப் பதினேழு வயதுப் பையனோடு எப்படிப் பேசுவது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2022 டிசம்பர் 31-ம் தேதி, தாம்பரத்தில் ஒரு சின்னத் திருட்டு வழக்கில் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் அடித்துக் கொல்லப்பட்டான் என்ற வழக்கில், அங்கே வேலை பார்த்த 6 பேர் கைது செய்யப்பட்டார்கள். பிறகு இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. முதல் சட்டத்துக்கு 102 வருடம் கழித்து!

இப்போது கிராமத்துக்குப் போவோம். இந்தக் கதையில் மிகவும் ரசிக்கத்தக்க பகுதி 1980-ல் மதுரை மாவட்டத்தில் தொடங்குகிறது. உலக வங்கிக் கடனில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். கிராமத்துக்கு ஒரு சமூக ஊட்டச்சத்துப் பணியாளர் வேண்டும். யாரை எடுப்பது? பெரிய பட்டம் தேவையில்லை என்றார்கள். அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும், ஏழையாக இருக்க வேண்டும், ஆனால் அவருடைய குழந்தைகள் ஆரோக்கியமாக இருக்க வேண்டும்! எவ்வளவு புத்திசாலித்தனமான நிபந்தனை பாருங்கள். பணமில்லாமலும் பிள்ளையை நன்றாக வளர்த்துக்காட்டிய பெண் என்றால், ஊரே அவர் பேச்சைக் கேட்கும். "உனக்கென்னம்மா, வசதி இருக்கு, சொல்லுவே" என்று யாரும் வாயை அடைக்க முடியாது.

அவருக்குக் கொடுத்த பயிற்சியின் மையம் ஒரு தராசு. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள எல்லாக் குழந்தைகளையும் மாதாமாதம் எடை போட வேண்டும். அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். கோடு மேலே போனால் சரி. படுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு மட்டும் 90 நாளைக்குச் சத்துருண்டை. தேறியதும் நிறுத்திவிடலாம். அந்த உருண்டையைப் பிடித்துக் கொடுத்தது பல ஊர்களில் பெண்கள் குழுவே. பத்துப் பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் அதட்டுவதற்கு வருவதில்லை, கூட உட்கார்ந்து அட்டையைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வருவார். சோறு போடுவதைவிட, ஏன் எடை குறைந்தது என்று அம்மாவிடம் பேசுவதுதான் முக்கிய வேலை. ஒரே மாதிரி எல்லோருக்கும் கொடுக்காமல் யாருக்குத் தேவையோ கண்டுபிடித்துக் கொடுப்பதால் செலவும் கட்டுக்குள் இருந்தது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு நன்றாகவே குறைந்தது என்று உலக வங்கியின் மதிப்பீடுகள் சொல்கின்றன.

1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி பக்கம் பாப்பாகுறிச்சியில் தொடங்கி வைத்தார். அதற்கு முன்னே 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஒன்று இருந்தது, அங்கன்வாடி என்ற பெயரைக் கொண்டுவந்தது அதுதான். எல்லாமாகக் கலந்து இன்றைக்குத் தெருவுக்குத் தெரு இருக்கும் மையமாயிற்று. ஜனங்கள் வாயில் மட்டும் அது பால்வாடிதான். சோறு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, தாய்மார்களுக்குச் சத்துணவுப் பாடம், பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். ஆறு வேலை, ஒரு டீச்சர், ஒரு ஆயா.

சம்பளம்? அந்த வார்த்தையே கிடையாது! மத்திய அரசின் கணக்கில் அது 'மதிப்பூதியம்'. ஏனென்றால் அவர் ஊழியர் இல்லையாம், கௌரவப் பணியாளராம். தமிழ்நாடு தனியாகச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்றைக் கொடுத்தது பரவாயில்லை. ஆனால் 2006-ல் கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று சொல்லிவிட்டது. அகவுண்ட்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும், ஒரு செலவை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பது சும்மா எழுத்து வேலை இல்லை. சம்பளம் என்று எழுதினால் பின்னாலேயே பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி எல்லாம் வரிசையாக வரும். மதிப்பூதியம் என்று எழுதினால் எதுவும் வராது.

அந்த வரிசையில் ஒன்றே ஒன்று 2022 ஏப்ரல் 25 அன்று திறந்தது. குஜராத்தைச் சேர்ந்த பணியாளர்கள் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் எஸ். ஓகா அமர்வு, 1972-ம் வருடத்துக் கிராஜுவிட்டி சட்டம் இவர்களுக்கும் பொருந்தும், அந்த மதிப்பூதியமும் சட்டத்தின் பார்வையில் ஊதியமே என்று தீர்ப்பளித்தது. சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசி மாத ஊதியம், பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் பணி செய்த வருடங்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு அடிப்படைத் தொகையை 3,000-லிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது (மாநிலங்கள் மேலே சேர்த்துக் கொடுப்பது தனி). அந்த 4,500-ஐ மட்டும் வைத்து, 30 வருடம் எடை போட்டு, ஊசிக்கு அழைத்துப்போய், பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒருவருக்குக் கணக்குப் போட்டால் வருவது 77,885 ரூபாய்.