இரு பெயர் கொண்ட நதி



வட அமெரிக்கக் கண்டத்தில் ஓடும் ஒரு நதிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டினர் அதனை ரியோ கிராண்டே என்பர். பேராறு என்பது பொருள். தென்கரையிலுள்ள மெக்ஸிகோ நாட்டினர் அதையே ரியோ பிராவோ, அதாவது சீற்றங்கொண்ட ஆறு என அழைப்பர். இரு தேசங்களும் ஒப்புக்கொண்ட எல்லையாக இந்நதி ஆனது 1848ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு பிப்ரவரி 2ஆம் நாள் குவாதலூப்பே இதால்கோ என்னும் ஊரில் கையெழுத்தான உடன்படிக்கையினால், போரில் தோல்வியுற்ற மெக்ஸிகோ, முன்னரே பிரிந்துபோன டெக்ஸாஸையும் சேர்த்துக் கணக்கிட்டால், தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. கலிபோர்னியாவும் அதனை அடுத்த பரந்த நிலங்களும் கைமாறின. அவற்றுக்கு ஈடாக அளிக்கப்பட்ட தொகை 1 கோடியே 50 லட்சம் டாலர்.

அந்நிலங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மெக்ஸிகர் பல்லாயிரவர். அவர்கள் தத்தம் வீட்டு வாயிலை விட்டு ஓரடியும் பெயரவில்லை. ஆயினும் ஓராண்டுக்குள் அயல்நாட்டுப் பிரஜைகளாயினர். மெக்ஸிகோ மக்களின் குடியேற்ற வரலாறு இவ்வாறு குடிபெயராதவர்களிடமிருந்தே தொடங்குகிறது என்பதை நாம் முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டும்.

பின்னர் வந்தவர்களை வரவழைத்தவை இருப்புப்பாதைகளும் பண்ணைகளும். 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுத்தபின் மெக்ஸிகரின் தேவை மிகுந்தது. 1910இல் மூண்ட மெக்ஸிகோப் புரட்சி இலட்சக்கணக்கானோரை வடக்கே துரத்தியது. வேலை இருந்தவரை எவரும் குறுக்கே நிற்கவில்லை. 1929இல் பொருளாதார மந்தம் வந்ததும் காட்சி மாறியது. நகராட்சிகளும் மாவட்ட நிர்வாகங்களும் மெக்ஸிகக் குடும்பங்களை ரயிலேற்றித் தெற்கே அனுப்பலாயின. அவ்வாறு சென்றவர் தொகையை நான்கு லட்சம் என்பாரும் உளர். பத்து லட்சத்துக்கு மேல் என்பாரும் உளர். அவர்களுட் பலர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குழந்தைகள். சட்டப்படி அந்நாட்டுக் குடிகள். இச்செய்கைக்காகக் கலிபோர்னியா மாநிலம் சட்ட வாயிலாக மன்னிப்புக் கோரியது 2005ஆம் ஆண்டில்.

விரட்டிய சில ஆண்டுகளிலேயே மீண்டும் அழைக்கவேண்டிய காலம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இளைஞர் படைக்குச் சென்றனர். வயலில் அறுவடைக்கு ஆளில்லை. 1942 ஆகஸ்டு 4ஆம் நாள் இரு சர்க்கார்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி சென்ற தொழிலாளருக்குப் 'பிராஸெரோ' என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'பிராஸோ' என்றால் கை. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இச்சொல்லைக் கண்டதும் 'கையாள்' என்று எழுதத் தோன்றியது. பிறகு அடித்துவிட்டோம். தமிழில் கையாள் என்பதற்கு வேறு வாடை உண்டு. ஆனால் கை மட்டும் வேண்டும், கைக்கு உரிய மனிதன் வேண்டாம் என்ற எண்ணம் அச்சொல்லில் இருப்பது உண்மை.

ஒப்பந்தத்தின் வாசகங்களைக் குறை கூறுவதற்கில்லை. போக வரப் பயணச் செலவு பணியமர்த்துவோருடையது, தங்குமிடம் தரவேண்டும், மணிக்கு 30 ஸென்டுக்குக் குறையாத கூலி, பாரபட்சம் காட்டுதல் கூடாது. மெக்ஸிகரை இழிவாக நடத்திய காரணத்தால் டெக்ஸாஸ் மாநிலத்துக்கு ஆள் அனுப்ப மெக்ஸிகோ சர்க்கார் தொடக்கத்தில் மறுத்தேவிட்டது. வலிய அயலானிடம் எளிய நாடு ஒன்று இவ்வளவு நிபந்தனை விதித்தது சிறிய செய்தியன்று.

வாசகம் ஒன்று, வயல் ஒன்று. பதிவு மையங்களில் நாட்கணக்கில் காத்திருந்தவர்கள், பட்டியலில் பெயர் ஏறுவதற்கே உள்ளூர் அதிகாரிக்குக் கையூட்டு அளித்தனர். தேர்வாளர் அவர்களுடைய உள்ளங்கையைத் தடவிப் பார்த்தனர். காய்ப்பேறிய கை வேலைக்கு உகந்தது, மெத்தென்ற கை உகந்ததன்று. எல்லை தாண்டியதும் ஆடை களையச் செய்து டி.டி.டி. பொடியை மேலே தூவினர். பின்னர் பருத்தி, சர்க்கரை பீட்ரூட், லெட்டூஸ் கீரை ஆகியவற்றின் வயல்கள். அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட களைக்கொட்டின் காம்பு இரண்டடிக்கும் குறைவு. நிமிர்ந்து நின்றால் வேலை செய்யவில்லை என்பது மேற்பார்வையாளனுக்குத் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். நாள் முழுதும் குனிந்தே நின்று முதுகெலும்பு தேய்ந்தவர் எத்தனையோ பேர். அக்கருவியைக் கலிபோர்னியா தடை செய்தது 1975இல்.

ஒப்பந்தத்தின்படி சென்றவருக்கு அருகிலேயே, பத்திரமில்லாமல் ஆற்றைக் கடந்தவரும் அதே வயலில் வேலை செய்தனர். பண்ணையாருக்கு இருவரும் ஒன்றே. பின்னவரின் கூலி மலிவு. 1948 ஜனவரி 28ஆம் நாள் இவ்விரு வகையினரும் அடங்கிய 28 மெக்ஸிகத் தொழிலாளரைத் திருப்பி அனுப்ப ஏற்றிச் சென்ற விமானம் கலிபோர்னியாவின் லாஸ் காட்டோஸ் பள்ளத்தாக்கில் எரிந்து வீழ்ந்தது. உடனிருந்த நான்கு அமெரிக்கரின் பெயர்கள் செய்தியில் வந்தன. ஏனையோர் வெறும் 'நாடு கடத்தப்படுவோர்' எனப்பட்டனர். பிரெஸ்னோ நகரில் ஒரே குழியில் அடக்கம் செய்து, பெயரின்றி ஒரு கல் வைத்தார்கள். 28 பெயர்களும் பொறித்த கல் அங்கே எழுந்தது 2013இல். இடையில் கழிந்தவை அறுபத்தைந்து ஆண்டுகள்.

இரு நாடுகளின் உறவு எத்தகையதாயிருந்தது என்பதை ஒரு புகைப்படம் காட்டுகிறது. 1954 ஜனவரியில் ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. உடன்படிக்கை இல்லாமலே ஆள் சேர்க்க அமெரிக்கா முற்பட்டது. தன் மக்களைத் தடுத்து நிறுத்த மெக்ஸிகோ முனைந்தது. மெக்ஸிகாலி என்னும் எல்லை நகரில், தொழிலாளி ஒருவனை மெக்ஸிகக் காவலர் ஒருபுறமும் அமெரிக்க அதிகாரி மறுபுறமும் பற்றி இழுக்கும் படம் அது. சில வாரங்களில் புது உடன்பாடு ஏற்பட்டது. அதே 1954இன் கோடையில் அமெரிக்கக் குடியேற்றத் துறை படைநடவடிக்கை போன்றதொரு வேட்டை நடத்தி, பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்றியதாகப் பெருமிதத்துடன் அறிவித்தது. அத்தொகை மிகையென்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆனால் 1956இல் ஒப்பந்தத் தொழிலாளர் தொகை 4,45,000ஐ எட்டியது. ஒரு வாயிலில் தள்ளி, மறு வாயிலில் அழைத்தார்கள்.

மெக்ஸிகாலிக்கு வடக்கே உள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பஞ்சாபிலிருந்து உழவர்கள் அங்கே சென்று பயிரிட்டனர். ஊரிலிருந்து மனைவியரை வரவழைக்கவும் வெள்ளைய மாதரை மணக்கவும் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே மெக்ஸிகப் பெண்களை மணந்து சில நூறு குடும்பங்கள் அமைந்தன. ஸ்பானிய முன்பெயரும் 'சிங்' என்னும் பின்பெயரும் கொண்ட பிள்ளைகள் அப்பள்ளத்தாக்கில் வளர்ந்தார்கள்.

பிராஸெரோ திட்டம் 1964 டிசம்பர் 31இல் முடிவுற்றது. இருபத்திரண்டு ஆண்டுகளில் கையெழுத்தான தனி ஒப்பந்தங்கள் 45 லட்சத்துக்கு மேல். மறு ஆண்டே டெலானோ என்ற ஊரில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் தொடங்கியது. முதலில் வேலையை விட்டவர்கள் பிலிப்பினோத் தொழிலாளர். ஸீஸர் சாவேஸும் டொலோரஸ் உவெர்த்தாவும் நடத்திய மெக்ஸிகத் தொழிலாளர் சங்கம் செப்டம்பர் 16ஆம் நாள், மெக்ஸிகோவின் சுதந்திர தினத்தன்று, அவர்களுடன் சேர்ந்தது. ஐந்தாண்டுப் போராட்டத்தின் பின் 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தம் செய்தனர். வெளியாட்களை வேண்டியமட்டும் இறக்கிக்கொள்ளும் வசதி நீடித்திருந்தால் இது கைகூடியிராது.

நமக்கு மிகவும் உறுத்துவது வேறொரு விஷயம். பிற மாநிலத்தில் உழைத்து மாதந்தோறும் ஊருக்கு மணியார்டர் அனுப்பிப் பழகிய நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலாண்டுகளில் தொழிலாளியின் கூலியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பிடித்து வைக்கப்பட்டது. நாடு திரும்பியதும் மெக்ஸிகோவில் உள்ள சேமிப்பு வங்கியில் பெற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அவன் திரும்பி வந்தே தீரவேண்டும் என்பதற்காகச் செய்த உபாயம் இது. பணம் எல்லை தாண்டிச் சென்றது; உரியவருட் பெரும்பாலோர் கையில் சேரவில்லை. அப்படியொரு பிடித்தம் உண்டென்பதே பலருக்குத் தெரியாது. அரைநூற்றாண்டு கழித்து முதியவர்கள் திரண்டு கேட்டபின், 2005இல் மெக்ஸிகோ சட்டமன்றம் ஒரு நிதியை ஏற்படுத்தியது. தலைக்கு 38,000 பெஸோ தருவதாக முடிவாயிற்று. ஆனால் பழைய ஒப்பந்தப் பத்திரத்தை மூலமாகவே கொண்டுவந்து காட்டவேண்டும் என்று விதித்தனர். பெட்டியடியில் அதைப் பத்திரப்படுத்தியவர் சிலர். மழையிலும் கரையானிலும் இழந்தவர் பலர். உழைத்தவர் மறைந்துவிட்ட வீடுகளிலிருந்து அவர்களுடைய மனைவியரும் மக்களும் காகிதத்துடன் வந்து வரிசையில் நின்றார்கள்.