பள்ளிக்கூடமும் பண்டிகையும்: நீலகிரியில் சமயக் கல்வி கடந்த வழி

பல சமயங்களையும் அவற்றின் பண்டிகைகளையும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி, நீலகிரியில் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தே தோன்றியது. இந்த மலையில் எழுத்துக் கல்வியைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர்கள் மிஷனரிகள். அவர்களிடம் படிக்க வந்த பிள்ளைகளோ படகர் என்னும் உழவர் குடியின் தெய்வமான ஹெத்தையம்மனையும் சிவனையும் கும்பிடும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில் உள்ள அரவேணுவைச் சுற்றிப் பார்த்தாலே இந்தக் கேள்வியின் கனம் புரியும். பக்கத்தில் ஜக்கனாரை போன்ற படகர் ஊர்கள் இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களும் தொழிலாளர் லைன் வீடுகளும் இருக்கின்றன. மேலே கோத்தகிரியை ஒட்டிக் கோத்தர்களின் ஊரும், கீழே சரிவுகளில் இருளர், குறும்பர் குடியிருப்புகளும் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. நூற்றுக்குப் பத்துப்பேருக்குச் சற்று மேல் கிறித்தவர்கள். முஸ்லிம்களும் ஏறக்குறைய அதே அளவினர். தமிழ்நாட்டின் தொன்மைப் பழங்குடிகளான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குடிகளும் இம்மாவட்டத்தில் வாழ்கிறார்கள்.

பள்ளிக்கு முந்திய அறிமுகம்

பள்ளிகள் வருவதற்கு முன்பே இம்மலைக் குடிகள் ஒருவர் வழிபாட்டை ஒருவர் அறிந்திருந்தனர். தோடர்கள் எருமை வளர்த்து நெய் தந்தார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவிகளும் மண்பாண்டங்களும் செய்து கொடுத்தார்கள். படகர்கள் தானியம் விளைவித்தார்கள். குறும்பர்கள் தேனும் பிற காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் சடங்குகளும் அடங்கின. படகர் ஊரின் விதைப்பு விழாவில் முதல் விதையைத் தூவ ஒரு குறும்பர் வரவேண்டியிருந்தது. படகர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர்களின் குழலும் பறையும் வேண்டியிருந்தன. எனவே அடுத்த குடியின் விழா எப்போது வரும், அதில் யாருக்கு என்ன இடம் என்பதெல்லாம் சிறுவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

ஆனால் அந்த அறிமுகத்துக்கு எல்லை இருந்தது. அதில் உயர்வு தாழ்வும் இருந்தது, அச்சமும் இருந்தது. குறும்பர்கள் சூனியம் வைப்பவர்கள் என்ற நம்பிக்கையால் அவர்கள் கொல்லப்பட்ட நிகழ்ச்சிகள் 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் உள்ளன. ஆண்டுதோறும் விழாவில் சேர்ந்து நின்றவர்களே ஒருவரை ஒருவர் அப்படி அஞ்சினார்கள். பக்கத்தில் வாழ்வதனால் மட்டும் ஒருவர் நம்பிக்கை மற்றவருக்கு விளங்கிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மிஷன் பள்ளிகள்

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி, கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியில் தங்குமிடம் அமைத்தார். ஆங்கிலேயர் குடியேற்றம் அங்கிருந்து பரவியது. ஓய்வுபெற்ற அதிகாரி ஜார்ஜ் ஜேம்ஸ் காசமேஜர் கேத்திப் பள்ளத்தாக்கில் குடியிருந்து, படகப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்டார். அவர் துணையால் 1846இல் கிறித்தவ அமைப்பான பாசல் மிஷன் கேத்திக்கு வந்தது. 1849இல் காசமேஜர் இறந்தபோது அவர் சொத்து மிஷனுக்குச் சேர்ந்தது. 1867இல் கோத்தகிரியிலும் மிஷன் நிலையம் அமைந்தது.

பாசல் மிஷனின் இந்தியப் பணிக்கு மங்களூர் மையமாக இருந்ததாலும், படகர் மொழி கன்னடத்துக்கு நெருக்கமானதாலும், தொடக்கத்தில் பாடங்களும் சமயப் போதனையும் கன்னடத்தில் நடந்தன. படகர் மொழியில் அச்சான முதல் நூலும் கன்னட எழுத்தில் 1890இல் மங்களூரில் வெளிவந்த நற்செய்தி நூலே. ஊர்ஊராக நடந்து போதித்த மெட்ஸ் என்ற பாதிரியார் மலைக்குடிகளின் வழக்கங்களைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். அவருக்கு அந்த வழிபாடுகள் நன்றாகத் தெரியும். ஆனால் அவை களையப்பட வேண்டியவை என்ற நோக்கோடுதான் தெரிந்துகொண்டார். மிஷன் வகுப்பறையின் நோக்கமும் அதுவே.

பெற்றோர்கள் எழுத்தை ஏற்றுக்கொண்டு போதனையைத் தள்ளிவைத்தார்கள். மிஷன் வந்து 12 ஆண்டுகள் கழித்து, 1858இல்தான் படகர் ஒருவர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றார். அவரைப் போன்றவர்கள் சொந்த ஊரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார்கள். ஆயினும் அந்தப் பள்ளிகளால் மலைக்குக் கிடைத்தது பெரிது. வாசிப்பும் கணக்கும் ஆங்கிலமும் வந்தன. அடுத்த தலைமுறைகளில் படகர்களிலிருந்து பட்டதாரிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் எழுந்தார்கள். முதல் பட்டதாரிகளில் ஒருவரான எச்.பி. ஆரி கவுடர் மலை விவசாயிகளுக்காக 1935இல் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் கல்வியைப் பெறுவதற்குத் தன் வழிபாடு தாழ்த்திப் பேசப்படுவதைக் கேட்க வேண்டியிருந்தது என்பதே அந்த முறையின் குறை.

அரசின் நடுநிலை

இதே சிக்கல் சமவெளியில் அரசியல் போராட்டமாக வெடித்தது. சென்னை மாகாண ஆளுநர் டுவீடேல் பிரபு 1846இல் அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்கலாம் என்று முன்மொழிந்தார். 'கிரசென்ட்' பத்திரிகையை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டி போன்றோர் அதை எதிர்த்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் அத்திட்டத்தை ஏற்கவில்லை. இலங்கையின் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் மிஷன் கல்விக்கு வேறு வழியில் பதில் சொன்னார்: 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மிஷன் பள்ளியின் முறையிலேயே சைவத்தைக் கற்பித்தார். ஒருபுறம் கிறித்தவப் பள்ளி, மறுபுறம் சைவப் பள்ளி. இரண்டிலும் பிள்ளை கற்றது ஒரு சமயத்தை மட்டுமே.

1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை ஒரு கோட்டைக் கிழித்தது. அரசுப் பள்ளியில் சமயப் போதனை இல்லை. பைபிள் நூலகத்தில் இருக்கலாம். மாணவர் தாமாகக் கேட்டால் வகுப்பு நேரத்துக்கு வெளியே விளக்கலாம். எந்தச் சமயத்தார் நடத்தும் பள்ளியானாலும் உலகியற் கல்விக்கு மானியம் உண்டு. 1882இல் அமைந்த ஹண்டர் குழு, எல்லாச் சமயத்துக்கும் பொதுவான அறக்கருத்துகளைக் கொண்டு நீதிநூல் ஒன்றைத் தயாரிக்கலாம் என்றது. இவற்றால் அரசு எந்தப் பக்கமும் சாயாமல் தப்பித்தது. ஆனால் எந்தச் சமயத்தையும் பற்றிப் பேசாத வகுப்பறை ஒன்றும் அதனால் உருவாயிற்று.

தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது இந்த வகுப்பறையில் புதிய பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சமவெளித் தமிழ் மாவட்டங்கள், மைசூர், மலையாளப் பகுதி என்று பல திசைகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் தத்தம் தெய்வங்களோடு வந்தார்கள். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருக்கும் தோட்டங்களில் கல்வி வசதி செய்யுமாறு உரிமையாளரைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களும் வந்தனர். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் 'டேன்டீ' என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. லைனில் ஒரு வீட்டில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்ட, அடுத்த வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும், அதற்கடுத்த வீட்டில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். பள்ளிப் பாடத்தில் மட்டும் இவற்றுக்கு இடமில்லை.

அரசியலமைப்பும் ஆணையங்களும்

விடுதலைக்குப் பின், உட்டின் அறிக்கை கிழித்த அந்தக் கோடு அரசியலமைப்பில் ஏறியது. 28ஆம் பிரிவின்படி, முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது. அரசு ஏற்பு அல்லது உதவி பெறும் பள்ளியில், மாணவரோ, அவர் சிறுவராயின் பெற்றோரோ இசையாமல் போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தக் கூடாது. கேத்தியிலும் கோத்தகிரியிலும் நூறாண்டுக்கு முன் பெற்றோர்கள் மனத்துக்குள் வைத்திருந்த மறுப்பு, இதனால் உரிமையாயிற்று.

போதனை கூடாது என்றால் சமயங்களைப் பற்றிப் பேசவே கூடாதா? திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948–49இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் அப்படிக் கருதவில்லை. பெரும் சமயத் தலைவர்களின் வாழ்க்கையையும், உலக மறைநூல்களிலிருந்து தேர்ந்த பகுதிகளையும் கல்லூரியில் கற்பிக்கலாம் என்றது. 1959இல் அமைந்த ஸ்ரீபிரகாசா குழுவும் இதே திசையில் பேசியது. 1964–66இன் கோத்தாரி ஆணையம் சிக்கலைத் தெளிவாகப் பிரித்தது. ஒரு சமயத்தை அச்சமயத்தார் கண்டபடி நம்பவைப்பது ஒன்று. பல சமயங்களையும் அவற்றின் சிந்தனையையும் திறந்த மனத்தோடு அறிவது வேறு. முன்னது அரசுப் பள்ளிக்கு ஆகாது. பின்னது பல சமய மக்கள் வாழும் குடியரசுக்குத் தேவை என்றது. குடிமைப் பாடத்தின் பகுதியாக ஒவ்வொரு பெருஞ்சமயத்தையும் பற்றிய பாடம் இருக்கலாம் என்றும் பரிந்துரைத்தது.

நீதிமன்றமும் இதை ஏற்றது. குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் கல்விப் பொருளாக ஆராய்வது சமயப் போதனை ஆகாது என்று 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2002இல் அருணா ராய் வழக்கில், சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது 28ஆம் பிரிவுக்கு முரணல்ல என்று தீர்ப்பளித்தது. ஆகவே இன்று சட்டம் தடையாக இல்லை. எப்படிக் கற்பிப்பது என்பதே எஞ்சிய கேள்வி.

தமிழ்ப் பாடநூல் காட்டிய வழி

இதற்கு ஒரு விடையைத் தமிழ்ப் பாடநூல் நெடுநாளாகவே தந்துவருகிறது. செய்யுள் பகுதியில் தேவாரமும் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமும் வருகின்றன. மணிமேகலை வழியே பௌத்தமும், சீவக சிந்தாமணி வழியே சமணமும் வருகின்றன. உமறுப்புலவரின் சீறாப்புராணம் வருகிறது. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் வருகின்றன. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் இவற்றைப் பொருளுணர்ந்து படித்துத் தேர்வெழுதுகிறது. யாரும் இதை மதமாற்றம் என்று சொல்வதில்லை. நம்பிக்கையை ஏற்கச் சொல்லாமல் அதன் அழகைக் காட்ட முடியும் என்பதற்குத் தமிழ் வகுப்பே சான்று.

இந்த வரிசையில் விடுபட்டவை இரண்டு. ஒன்று, வாழும் வழக்கம்: பாட்டு இருக்கிறது, பாட்டைப் பாடும் மக்களின் நோன்பும் விழாவும் இல்லை. மற்றொன்று, நூல் எழுதாத சமயங்கள். தோடருக்குப் பால்மனையே கோயில்; எருமையே புனிதம். டிசம்பர், ஜனவரி வாக்கில் உதகைக்கு அருகிலுள்ள முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் பூவேலைப் போர்வை போர்த்திக் கூடி, ஆடிப் பாடி, இளவட்டக்கல் தூக்குகிறார்கள். ஏறக்குறைய அதே பருவத்தில் கோத்தர்கள் கம்பட்டராயன் திருவிழாவைப் பல நாள் இசையும் ஆட்டமுமாக நடத்துகிறார்கள். மறைநூலை அளவுகோலாகக் கொண்டு சமயங்களை எண்ணினால் இவை கணக்கிலேயே வராது.

கடல் கடந்த அனுபவங்கள்

பிற நாடுகள் இதைப் பல வகையில் செய்து பார்த்திருக்கின்றன. இலங்கைப் பள்ளிகளில் சமயம் ஒரு பாடம். சைவப் பிள்ளை சைவநெறியும், பௌத்தப் பிள்ளை பௌத்தமும், இஸ்லாமியப் பிள்ளை இஸ்லாமும், கிறித்தவப் பிள்ளை தன் திருச்சபைக்குரிய பாடமும் படிக்கும். தன் சமயம் ஆழமாகத் தெரிகிறது. பக்கத்து இருக்கைக்காரரின் சமயம் தெரிவதில்லை. சிங்கப்பூர் 1984இல் உயர்நிலை வகுப்புகளுக்குச் சமய அறிவைக் கட்டாயப் பாடமாக்கி, இந்து சமயம் உட்பட ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. சமயப் பற்று கூர்மையடைந்து பிளவுகள் கூடுமோ என்ற கவலையால் 1989இல் கட்டாயத்தைக் கைவிட முடிவுசெய்தது. இங்கிலாந்தில் 1944இன் சட்டம் சமயப் போதனையைக் கட்டாயமாக்கியது. 1988இன் சட்டமோ, கிறித்தவத்துக்கு முதன்மை தந்தாலும் நாட்டிலுள்ள பிற பெருஞ்சமயங்களையும் பாடத்திட்டம் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. பிள்ளைகளைச் சமயவாரியாகப் பிரித்து உட்காரவைத்துக் கற்பிப்பதைவிட, எல்லாரையும் ஒரே வகுப்பில் வைத்து எல்லாவற்றையும் கற்பிப்பதே அறிமுகத்தை வளர்க்கும் என்பது இம்மூன்றிலிருந்தும் பெறக்கூடிய பாடம்.

விடுமுறையும் பாடமும்

நீலகிரிப் பள்ளிகளில் பண்டிகை இன்று பெரும்பாலும் விடுமுறையாகவே நுழைகிறது. மார்கழி, தை வாக்கில் கோத்தகிரி அருகே பேரகணியை மையமாகக் கொண்டு ஹெத்தையம்மன் திருவிழா நடக்கிறது. வெள்ளை உடுத்த படகர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். மலைமக்களின் விழாவை அரசு மதிப்பதற்கு இது அடையாளம், வரவேற்கத் தக்கது. ஆனால் விடுமுறை கிடைத்த தோட்டத்துப் பிள்ளைக்கு ஹெத்தை யார், ஏன் வெள்ளை உடை என்பது அதனால் தெரிந்துவிடாது. ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இதே நிலைதான். பள்ளி மூடியிருக்கும் நாளில் பாடம் நடக்க வழியில்லை. அதற்கு முந்தின நாள்தான் நடத்த வேண்டும்.

கடந்த 180 ஆண்டுகளின் அனுபவம் அப்பாடத்துக்குரிய நிபந்தனைகளைத் தந்திருக்கிறது. பாடம் அறிமுகமாக இருக்க வேண்டும். வழிபாடாக மாறக் கூடாது. சமயப் பள்ளியானாலும் அரசுப் பள்ளியானாலும் ஒரே அளவில் எல்லாச் சமயங்களும் இடம்பெற வேண்டும். எந்த வழிபாட்டையும் அதைப் பின்பற்றுவோர் ஏற்கும்படி விவரிக்க வேண்டும். தாழ்த்தும் சொல் எதுவும் கூடாது. எச்சமயத்தையும் பின்பற்றாத வீட்டுப் பிள்ளைக்கும் அதே மதிப்பு வேண்டும். உள்ளூர்ப் பண்டிகைகள், குறிப்பாகப் பழங்குடிகளின் விழாக்கள், உலகச் சமயங்களுக்குச் சமமாக வைக்கப்பட வேண்டும். கரிக்கையூர் போன்ற இடங்களின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் வீட்டை விட்டுத் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குத் தன் ஊர் விழாவைச் சொல்லித்தர அங்கே தாத்தா பாட்டி இல்லை. ஆசிரியருக்கு இதற்கெனப் பயிற்சியும் வேண்டும்.

இந்த நிபந்தனைகளோடு நடத்தப்படும் பாடம் மிஷன் காலத்துப் போதனையிலிருந்தும், அதற்குப் பின் வந்த மௌனத்திலிருந்தும் வேறுபட்டது. முன்னது பிள்ளையின் வீட்டு வழிபாட்டைக் குறைத்துக் காட்டியது. பின்னது எதையுமே காட்டவில்லை. பல சமயத்தார் ஒரே ஊரில், ஒரே லைனில், ஒரே பெஞ்சில் இருக்கும் மலையில் இந்தப் பாடத்தைத் தவிர்ப்பதற்குச் சட்டத்திலும் வரலாற்றிலும் காரணம் இல்லை. தொடங்குவதற்கான காரணங்கள் இரண்டிலும் உண்டு.