அழுத்தம் சொல்லும் முள்

மாங்காடு என்றால் காமாட்சி அம்மன். அம்மன் என்றால் ஊசிமுனைத் தவம். சுற்றிலும் தீ, நடுவே ஊசிமுனையில் ஒற்றைக் கால். ஸ்தல புராணம் சொல்லும் கதை அது. புது கார் வாங்கியவர்கள் மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பூஜை போட வருகிற ஊரும் இதுதான். அப்படி நிற்கிற கார்களின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பலவற்றில் 'டர்போ' என்று பளபளவென எழுதியிருக்கும். பூஜை முடிந்த கையோடு இளவட்டங்கள் சிலர் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் விசாரிப்பது இதைத்தான்: "அண்ணா, பூஸ்ட் கேஜ் இருக்கா?"

பூஸ்ட் என்றதும் டம்ளரில் கலக்கிக் குடிக்கிற சமாசாரம் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. இதுவும் கிட்டத்தட்ட அதே வேலைதான். சாதாரண என்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். டர்போ வைத்த என்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டிவிடுகிறார்கள். எவ்வளவு அழுத்தி ஊட்டுகிறோம் என்று சொல்கிற இரண்டு அங்குல வட்ட மீட்டர்தான் பூஸ்ட் கேஜ். இந்தக் குட்டி வட்டத்துக்குப் பின்னால் பாய்லர் வெடிப்பு, உலகப்போர், ரேஸ் மைதானம் என்று பெரிய சரித்திரமே இருக்கிறது.

அது தொடங்கிய வருடம் 1849. ஊர், பாரிஸ்.

யூஜின் போர்டோன் என்ற இன்ஜினீயர் ஒரு நீராவி இயந்திரத்துக்காகச் சுருள் குழாய் செய்துகொண்டிருந்தார். குழாய் ஒரு பக்கமாக நசுங்கிவிட்டது. மனிதர் அதைத் தூக்கிப் போடவில்லை. ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியாகத் தண்ணீரைப் பம்ப் செய்தார். உள்ளே அழுத்தம் ஏறினால் நசுங்கல் உப்பிச் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. உப்பியது. கூடவே சுருளும் மெல்லப் பிரிந்து நிமிர ஆரம்பித்தது! திருவிழாவில் குழந்தைகள் ஊதும் சுருள் பீப்பி இருக்கிறதல்லவா? ஊதினால் நீளும், விட்டால் சுருளும். அதேதான். போர்டோன் அந்தக் குழாயின் முனையில் ஒரு முள்ளைப் பொருத்தினார். அதே வருடம் பேட்டன்ட். 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் பதக்கம். இன்றைக்கும் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர், பஞ்சர் கடை கம்ப்ரசர் என்று முள் ஆடுகிற இடங்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது 'போர்டன் டியூப்'தான்.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கலாம். அதற்கு முன்னால் அழுத்தத்தைத் துல்லியமாக அளக்கப் பாதரசக் குழாய்தான் கதி. காற்று மண்டலத்தைப் போலப் பத்து மடங்கு அழுத்தத்தை அளக்க ஏழரை மீட்டருக்கும் மேல் உயரமான குழாய் வேண்டும். ரயில் என்ஜின் மேல் அதை எங்கே நட்டு வைப்பது? ஆகவே பல பாய்லர்கள் குத்துமதிப்பாகவே ஓடின. குத்துமதிப்பு தப்பினால் வெடித்தன.

சரி, முள் வந்ததும் வெடிப்பு நின்றுவிட்டதா? இல்லை. 1865 ஏப்ரல் 27. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் 'சுல்தானா' என்ற நீராவிக் கப்பலின் பாய்லர்கள் வெடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். போரில் பிடிபட்டு, விடுதலையாகி, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்கள்தான் அதில் அதிகம். அந்தக் கப்பலின் பாய்லர் ஒன்றுக்கு அவசர அவசரமாக ஒட்டுப் போட்டு ஓட்டியிருந்தார்கள். முள் அழுத்தத்தைத்தான் காட்டும். ஒட்டுப் போட்ட தகட்டைக் காட்டாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் ஊருக்கும் நீராவி வந்தது. 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இப்போது அம்பத்தூர், ஆவடி மின்சார ரயில்கள் தடதடக்கிற அதே வழித்தடம். அப்புறம் 1923-ல் இந்தியக் கொதிகலன் சட்டம் வந்தது. பாய்லர் கேஜில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்பது அதன் வழிவந்த விதிகளில் ஒன்று. செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைக்குப் போனால் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கலாம்.

இனி காற்றுக்கு வருவோம். 1905-ல் ஆல்ஃபிரட் பூச்சி என்ற ஸ்விட்சர்லாந்து இன்ஜினீயர் ஒரு யோசனைக்கு பேட்டன்ட் வாங்கினார். என்ஜினிலிருந்து வேகமாக வெளியேறும் புகை சும்மாதானே போகிறது? அது ஒரு காற்றாடியைச் சுற்றட்டும். அதே தண்டில் மாட்டிய இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளட்டும். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், கழிவை விற்று லாபக் கணக்கில் சேர்ப்பது. இதுதான் டர்போ.

1918-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபர்ட் மாஸ், ஒரு விமான என்ஜினை லாரியில் ஏற்றி அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். உயரம் 14,000 அடி. அங்கே காற்று மெலிசு. கீழே 350 குதிரைத்திறன் தந்த என்ஜின் மேலே 230-க்குச் சுருண்டது. டர்போவை மாட்டினார். 356! மலைமேல் தரையைவிட அதிகம். விமானக்காரர்கள் விடுவார்களா?

'பூஸ்ட் கேஜ்' என்ற பெயர் பிரபலமானது இந்த விமானங்களில்தான். 1940, பிரிட்டன் வானத்தில் ஜெர்மானியர்களோடு சண்டை. ஸ்பிட்ஃபயர் விமானத்தில் டர்போ கிடையாது. என்ஜினே பல்சக்கரம் வழியாகச் சுற்றுகிற சூப்பர்சார்ஜர். ஆனால் டேஷ்போர்டில் பூஸ்ட் கேஜ் உண்டு. சாதாரண பெட்ரோலுக்கு முள் ஆறேகால் பவுண்டைத் தாண்டக் கூடாது. 100 ஆக்டேன் பெட்ரோல் வந்த பிறகு, உயிர் போகிற அவசரத்தில் பன்னிரண்டு வரை போகலாம் என்று அனுமதித்தார்கள். அதுவும் ஐந்து நிமிடம்தான். இறங்கியதும் பைலட் அதைச் சொல்லியாக வேண்டும், என்ஜின் லாக் புத்தகத்தில் எழுதியாக வேண்டும். உயிரைப் பணயம் வைத்துச் சண்டை போட்டுவிட்டு வந்தவனிடமும் கணக்குக் கேட்டார்கள். காரணம் எளிது. அதே என்ஜினை நம்பி நாளைக்கு இன்னொருவன் பறக்க வேண்டும்.

அந்தப் போர் நமக்கு விட்டுப்போன சொத்து சோழவரம். ராணுவ விமான ஓடுதளமாகப் போட்ட அந்தத் தார்ச்சாலையில்தான், 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருடாவருடம் ரேஸ் நடத்தியது. மெட்ராஸ்வாசிகள் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு கார் ரேஸ் பார்த்தார்கள். 1990-ல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறியது. மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி போய் பெங்களூர் ஹைவே பிடித்தால் எட்டிவிடுகிற தூரம்.

கார்களில் டர்போ எப்போது வந்தது? 1962. அமெரிக்காவில் இரண்டு மாடல்கள். அதில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரின் கதை சுவாரஸ்யமானது. என்ஜின் சூடேறி 'நாக்' அடிக்காமலிருக்க, மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தீர்ந்துபோனால் பூஸ்ட் தானாகவே குறைக்கப்படும். சீட்டுகளுக்கு நடுவே ஒரு கேஜ், திரவம் தீர்ந்தால் எச்சரிக்க விளக்கு, எல்லாம் வைத்தார்கள். யார் பார்த்தார்கள்? திரவத்தை ஊற்றாமலே ஓட்டிவிட்டு, 'கார் இழுக்க மாட்டேங்குது' என்று புகார் செய்தார்கள். 1963-ம் வருடத்தோடு மாடலுக்கு மங்களம். பிறகு கம்பெனியே டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது!

1973-ல் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ. முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் படித்துவிட்டு ஒதுங்கட்டும் என்று பம்பருக்குக் கீழே 'டர்போ' என்று திருப்பி எழுதினார்கள். எண்ணெய் நெருக்கடி நேரம் வேறு. ஜெர்மனியில் பெரிய சர்ச்சை. மொத்தம் விற்றதே 1,672 கார்கள்தான். ஸ்வீடனின் ஸாப் கம்பெனி நேர் எதிர். அவர்களுடைய 900 டர்போவின் கேஜில் எண்களே கிடையாது. வெறும் வண்ணப் பட்டைகள்தான். நல்லது, ஜாக்கிரதை, வேண்டாம்!

ரேஸ் மைதானத்தில் அந்த 'வேண்டாம்' எடுபடவில்லை. 1977-ல் ஃபார்முலா ஒன்னுக்குள் டர்போவோடு வந்த ரெனோ காரை, புகைவிட்டு அடிக்கடி நின்றதால் 'மஞ்சள் டீக்கெண்டி' என்று கிண்டலடித்தார்கள். 1983-ல் பி.எம்.டபிள்யூ. டர்போ என்ஜினோடு நெல்சன் பிக்கே உலக சாம்பியன் ஆனார். கிண்டல் நின்றது. 1986-ல் ஒன்றரை லிட்டர் என்ஜினிலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான குதிரைத்திறன். தகுதிச் சுற்றுக்கு ஒரு என்ஜின், ஓட்டி முடித்ததும் காயலான் கடைக்கு! கடைசியில் நிர்வாகிகளே அழுத்தத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். 1987-ல் 4 பார், 1988-ல் 2.5 பார், 1989-ல் டர்போவுக்கே தடை. மறுபடி அனுமதி கிடைத்தது 2014-ல்தான்.

பிக்கேயின் காரில் இருந்தது கே.கே.கே. என்ற ஜெர்மன் கம்பெனியின் டர்போ. அதே கம்பெனியோடு கைகோத்து 1982-ல் சென்னையில் தொடங்கியதுதான் டி.வி.எஸ். குடும்பத்தின் டர்போ எனர்ஜி. ஆவடியில் தயாராகும் டி-90 டாங்கியின் 1,000 குதிரைத்திறன் டீசல் என்ஜினிலும் டர்போதான். 2013-ல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2019-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் வென்யூ என ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார்கள் நடுத்தர வர்க்க வாசலுக்கே வந்துவிட்டன.

டர்போ வந்தது, கேஜ் போய்விட்டது. அழுத்தத்தை சென்சார் அளந்து சொல்ல, அளவு மீறினால் என்ஜின் கம்ப்யூட்டரே குறைத்துவிடும் என்று வந்த பிறகு, பெரும்பாலான கம்பெனிகள் முள்ளை எடுத்துவிட்டன. அதனால்தான் இளவட்டங்கள் கடை தேடுகிறார்கள். தேடட்டும். எதைத் தேடுவது என்று தெரிந்து தேடினால் நல்லது.

முதலில் அளவு. பெட்ரோல் கார் என்றால் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் எண் உள்ள கேஜ் வேண்டும். பாஸ்புக் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் நிற்கும்போது பூஜ்யம். ஐடிலில் ஓடும்போது, வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் குறைவு, சுமார் மைனஸ் 0.6 பார். இது ஓவர்டிராஃப்ட். மிதித்து டர்போ விழித்துக்கொண்டால் பிளஸ். இது டெபாசிட். டீசலில் ஓவர்டிராஃப்ட் பக்கம் அநேகமாக இல்லை, டெபாசிட் அதிகம். அதற்கு மைனஸ் பக்கம் இல்லாத, பெரிய அளவுள்ள கேஜ் போதும். ஒரு பார் என்பது பதினாலரை பி.எஸ்.ஐ. எந்த அலகானாலும் உங்கள் காரின் வழக்கமான உச்சம் டயலின் நடுப்பகுதியில் விழ வேண்டும்.

அடுத்து வகை. மெக்கானிக்கல் கேஜில் போர்டோனின் சுருள்தான். என்ஜினிலிருந்து மெல்லிய டியூப் கேபினுக்குள் வரும். விலை குறைவு. ஆனால் டியூப் சூட்டில் உருகலாம், மடங்கலாம், கசியலாம். எலெக்ட்ரானிக் வகையில் சென்சார் பானெட்டுக்குள்ளேயே இருக்கும், ஒயர் மட்டும் உள்ளே வரும். மூன்றாவது, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகுவது. எதையும் வெட்ட வேண்டாம், வாரன்டி வம்பும் குறைவு. ஒன்று கவனிக்க வேண்டும். சிலவற்றில் கடல் மட்டக் காற்றையே பூஜ்யமாக வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்கள். ஊட்டியில் காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அங்கே என்ஜினை அணைத்தாலும் அது மைனஸ் காட்டும். கேஜ் கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். பைக்ஸ் பீக் பாடம்தான் அது.

மாட்டும்போது? டியூப் எடுக்க வேண்டிய இடம் த்ராட்டிலுக்கு அப்புறம் உள்ள மேனிஃபோல்டு. பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸில் மட்டும் கை வைக்கவே கூடாது. கசிந்தால் போவது பிரேக். ஓட்டை வழியாக ஒயர் வருமிடத்தில் ரப்பர் வளையம், கரன்ட் எடுக்குமிடத்தில் ஃபியூஸ், இரண்டும் கட்டாயம். முன் கண்ணாடி ஓரத்துத் தூணில் கேஜ் வைப்பது ஃபேஷன். அந்தத் தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் ஓடுகிற கார் என்றால் அங்கே வேண்டவே வேண்டாம். விபத்தில் பை விரியும்போது கேஜ் முகத்துக்குப் பறந்து வரும்.

மாங்காடு பக்கத்தில் கார் மெக்கானிக் ஒருவர், வேகம் கேட்டு வந்த பையனிடம் சொன்னதைக் கேட்டேன். "தம்பி, மாட்டறது அரை நாள் வேலை. முள் ஏறுனா காலை எடுக்கத் தெரியணும். அதுக்கு எவ்வளவு நாள் ஆவும்னு நீயே சொல்லு." பையன் சிரித்தான். அவன் போன்ற பலர் என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி அழுத்தத்தைக் கூட்டிவிட்டு, கேஜை ஸ்கோர்போர்டாகப் பார்க்கிறார்கள். நேற்று 1.2, இன்று 1.4 என்று நண்பர்களிடம் காட்டுவதற்கு. சுல்தானா கப்பலின் தகடு மாதிரி, உள்ளே பிஸ்டன் எவ்வளவு தாங்கும் என்று அந்த முள் சொல்லாது. அது உடைந்தால் அப்பாவின் கார் லோனோடு என்ஜின் பில்லும் சேரும்.

அதனால் கேஜ் வாங்குகிறவர்கள் கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்குங்கள். புரோகிராம் எதையும் மாற்றாமல், முதல் வாரம் ஐடிலில் எவ்வளவு, சமமான ரோட்டில் போகும்போது எவ்வளவு, பாலம் ஏறும்போது அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். ஓட்டிக்கொண்டே எழுத வேண்டாம், பக்கத்து சீட்டில் இருப்பவர் எழுதட்டும். ஆறு மாதம் கழித்து உச்சம் குறைந்தால் ஏதோ ஹோஸ் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உச்சம் ஏறினால், அதிக அழுத்தத்தைத் திறந்துவிட வேண்டிய வேஸ்ட்கேட் சிக்கியிருக்கலாம், அன்றே ஒர்க்‌ஷாப். ஐடிலில் முள் நடுங்கினால் அதையும் சொல்லுங்கள். இத்தனையும் தெரிய வேண்டுமானால் முதல் வாரக் கணக்கு கையில் இருக்க வேண்டும். நோட்டு விலை முப்பது ரூபாய்க்குள்தான் வரும்.