ஏழு மண்டையோடுகளும் ஒரு போலி அறிவியலும்

மத்திய இந்தியாவின் சாகர் நகரில், 1830-களின் தொடக்கத்தில், தக்கர்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட பலர் தூக்கிலிடப்பட்டனர். வழிப்போக்கரோடு நட்புப் பாராட்டி உடன் பயணம் செய்து, வாய்ப்பு நேர்கையில் கழுத்தை நெரித்துக் கொன்று பொருளைக் கவர்ந்தனர் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஹென்றி ஹார்ப்பர் ஸ்பிரை, அவர்களுள் எழுவரின் மண்டையோடுகளை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பிவைத்தார். அங்கே அவற்றைப் பெற்றுக்கொண்டது கபாலவியல் சங்கம். கொலையாளியின் இயல்பை அவனது எலும்பிலேயே படித்துவிடலாம் என்று உறுதியாக நம்பியவர்களின் சங்கம் அது.

இந்நம்பிக்கையின் தந்தை, வியன்னாவில் மருத்துவராக விளங்கிய ஃபிரான்ஸ் ஜோசப் கால் (1758–1828). நினைவாற்றல் மிக்க பள்ளித் தோழர்களுக்குக் கண்கள் புடைத்திருக்கக் கண்டதே தம் சிந்தனையின் தொடக்கம் என்று அவர் கூறுவார். மனத்தின் உறுப்பு மூளை. மூளை என்பது பல உறுப்புகளின் தொகுதி. ஒவ்வோர் உறுப்பும் ஒரு பண்புக்கு உரியது. உறுப்பு பெருத்தால் அதன்மேல் உள்ள எலும்பும் புடைக்கும். ஆகவே தலையைத் தடவி மனிதனை அறியலாம். இதுவே அவரது கோட்பாட்டின் சாரம். அத்தகைய பண்புகள் 27 என அவர் வகுத்தார். 1801-ஆம் ஆண்டில், சமயத்திற்கும் ஒழுக்கத்திற்கும் ஊறு விளைவிப்பன எனக் கருதி, ஆஸ்திரியப் பேரரசர் அவரது சொற்பொழிவுகளுக்குத் தடை விதித்தார். ஆயினும் அவருடைய மாணவர் ஸ்பர்ட்சைம் அக்கோட்பாட்டைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். அங்கே வழக்கறிஞர் ஜார்ஜ் கூம் 1820-இல் எடின்பரோ சங்கத்தை நிறுவினார்.

மனத்தின் ஆற்றல்களுக்கு மூளையில் தனித்தனி இடங்கள் உண்டு என்ற எண்ணம் காலுக்கு முன்பே நிலவியதுதான். கூட்டுணர்வு மூளையின் முன்னறையிலும், நினைவு பின்னறையிலும் உறைவதாக இப்னு சீனா (980–1037) எழுதியிருக்கிறார். அறைகளை விடுத்து மூளைப் பொருளையே ஆராய முற்பட்டது காலின் சிறப்பு. மூளையின் நரம்பிழைகளைத் தொடர்ந்து பிரித்துக் காட்டிய அவரது உடற்கூற்றுத் திறனை எதிரிகளும் மதித்தனர். தவறு தொடங்கியது, மூளையிலிருந்து அவர் எலும்புக்குத் தாவிய இடத்தில்.

எதிர்ப்பு விரைவில் எழுந்தது. எடின்பரோவின் தத்துவ அறிஞர் வில்லியம் ஹாமில்டன், புருவத்திற்கு மேலுள்ள எலும்பினுள் வெற்றுக் குழி இருப்பதையும், அதன் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதையும் சுட்டினார். வெளிப்புடைப்பு மூளையின் வடிவத்தைக் காட்டாது என்பது இதனால் விளங்கிற்று. பிரான்சில் பியர் ஃபுளூரான்ஸ், 1820-களில், புறா முதலிய உயிர்களின் மூளைப் பகுதிகளை அகற்றிச் சோதித்தார். சிறுமூளை பாலுணர்வின் உறுப்பு என்று கால் கூறியிருந்தார். அதை இழந்த உயிரோ உடலசைவின் ஒழுங்கை இழந்ததேயன்றி வேறன்று. 1843-இல் மாஜென்டி என்னும் உடலியல் அறிஞர் கபாலவியலைப் போலி அறிவியல் என்றே குறிப்பிட்டார்.

ஆனால் ஒரு கோட்பாடு தவறானது என்பதனாலேயே அது போலி ஆகிவிடுமா? ஃபுளூரான்சும் தவறினார். பெருமூளை பிரிவின்றி முழுமையாகவே இயங்குகிறது என்று அவர் கொண்டார். 1861-இல் பால் புரோகா, பேச்சிழந்த நோயாளி ஒருவரின் மூளையில், இறப்புக்குப்பின் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்ததைக் காட்டியபோது அக்கருத்து தளர்ந்தது. எனினும் ஃபுளூரான்ஸை எவரும் போலி என்பதில்லை. அவரது கூற்று, சான்று வந்தால் வீழக்கூடிய கூற்றாக இருந்தது. கபாலவியலுக்கு அந்நேர்மை இருந்ததா என்பதற்கு விடை, சாகரிலிருந்து சென்ற ஏழு மண்டையோடுகளில் இருக்கிறது.

அவற்றைப் பற்றி 1834-இல் சங்கத்தாரின் இதழில் எழுதியவர், கூமின் உறவினரான ராபர்ட் காக்ஸ். கொலைக்குரிய உறுப்பாக அவர்கள் கொண்டது காதின்மேல் அமைந்த 'அழிப்புணர்வு'. பலரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட இவர்களிடம் அது ஓங்கி நிற்க வேண்டும். ஆனால் ஏழில் ஒன்றிலும் அது ஓங்கியிருக்கவில்லை. கோட்பாட்டைத் தராசில் நிறுத்த அதைவிடத் தக்க தருணம் வாய்த்திராது. காக்ஸோ சிறிதும் கலங்கவில்லை. மேலோட்டமாகக் காண்போர்க்கே இது இடர்ப்பாடாகத் தோன்றும் எனக் கூறி, ஏனைய உறுப்புகளின் துணைகொண்டு அவர்களின் செயலுக்கு விளக்கம் தந்தார். புடைப்பு இருந்தால் கோட்பாடு மெய். இல்லையேல் வேறோர் உறுப்பு அதை ஈடுசெய்தது, ஆகவே அப்போதும் கோட்பாடு மெய். எந்தச் சான்றாலும் பொய்யாக முடியாத கூற்று, எந்தச் சான்றாலும் மெய்யாகவும் முடியாது. கபாலவியல் போலி எனப்படுவதன் காரணம் இதுவே.

இது வெறும் அறிவுலகப் பிழையாக நின்றிருந்தால் நமக்குக் கவலையில்லை. இந்தியரின் தலை சிறியது, ஐரோப்பியரின் தலை பெரியது. சிலராகிய ஆங்கிலேயர் கோடிக்கணக்கானோரை ஆள்வது அதனோடு பொருந்துகிறது என்னும் வாதத்திற்குக் கூமின் எழுத்து இடம் தந்தது. அமெரிக்காவில் சாமுவேல் மார்ட்டன் இனங்களின் மண்டையோடுகளை அளந்து 1839-இல் வெளியிட்ட நூலிலும் கூமின் கட்டுரை இடம்பெற்றது. வென்றவன் தன் வெற்றிக்கான காரணத்தைத் தோற்றவனின் எலும்பில் தேடினான், தேடியதைக் கண்டெடுத்தான்.

2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஏறத்தாழ 6,000 பேரின் காந்த அதிர்வுப் படங்களைக் கொண்டு, தலையின் புறவடிவத்தைப் பண்புகளோடு ஒப்பிட்டனர். கபாலவியலின் கூற்றுகளுக்கு எவ்வித ஆதாரமும் கிட்டவில்லை. அக்கோட்பாட்டின் சங்கங்களும் மறைந்துவிட்டன. பிரிட்டன் கபாலவியல் சங்கம் 1967-இல் கலைந்தது.

ஆயினும், புறத்தை அளந்து அகத்தைத் தீர்ப்பிடும் ஆசை அவற்றோடு மறையவில்லை. கருவி புதிது, கணக்கு நுட்பமானது எனக் கூறி மனிதரைத் தரம்பிரிக்க எவரேனும் முன்வரும்போது, அவரிடம் ஒரு கேள்வியைக் கேட்பது நம் கடமை: எத்தகைய சான்று கிடைத்தால் உங்கள் கூற்றைக் கைவிடுவீர்கள்? சாகரில் இறந்த அந்த எழுவருக்காக எடின்பரோவில் அக்கேள்வியைக் கேட்க எவரும் இருக்கவில்லை.