சின்ன காஞ்சியில் ஓர் எழுத்தாளர் வீடு

பெரிய காஞ்சியில் கோயில்களையும் பட்டுக் கடைகளையும் முடித்துக்கொண்டு சின்ன காஞ்சிக்கு வருகிறவர்களில் சிலர் அறிஞர் அண்ணா நினைவு இல்லத்துக்கும் போகிறார்கள். அவர்கள் பார்க்க வருவது முதலமைச்சர் வாழ்ந்த வீட்டை. எனக்கு அது எழுத்தாளர் வீடு. அண்ணா முதலமைச்சராக இருந்தது இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. எழுதியதோ முப்பத்தைந்து ஆண்டு.

1909 செப்டம்பர் 15 அன்று ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் நடராசன், தாயார் பங்காரு அம்மாள். வளர்த்தது ‘தொத்தா’ என்று அவர் அழைத்த சிற்றன்னை ராஜாமணி அம்மாள். பச்சையப்பன் பள்ளியில் படிக்கும்போதே வீட்டில் பணமுடை. படிப்பை நிறுத்திவிட்டுக் காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தர் வேலைக்குப் போனார். கோப்பு எழுதியே காலம் கழிந்திருக்கலாம். மறுபடி படிப்புக்குத் திரும்பினாரே, அங்கேதான் இந்த வீட்டின் கதை மாறுகிறது.

1934-இல் ஆனந்த விகடனில் ‘கொக்கரக்கோ’ என்ற சிறுகதை வந்தது. பிறகு ஈரோட்டில் பெரியாரின் இதழ்களில் வேலை. ஆனாலும் அவரை முழு எழுத்தாளர் ஆக்கியது காஞ்சிபுரம்தான் என்பேன். 1942 மார்ச்சில் இங்கே ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். வார இதழ் என்றால் வாரம் தவறாமல் பக்கம் நிரம்பியாக வேண்டும். கட்டுரை, கதை, நாடகம் என்று எல்லாவற்றையும் அவரே எழுதினார். பரதன், சௌமியன் என்று பல புனைபெயர்களும் வைத்துக்கொண்டார். ‘பார்வதி பி.ஏ.’ அந்த இதழில் தொடராக வந்ததுதான். ‘வேலைக்காரி’ நாடகமாகி, 1949-இல் படமும் ஆனது.

1955-இல் அதே இதழில் தம்பிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அரசியல், வரலாறு, உலக நடப்பு எல்லாம் அதில் வரும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தொனியில். அதை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். யாரென்றே தெரியாத ஆயிரமாயிரம் பேர் தங்களை அவர் தம்பி என்று நம்பினார்கள். தமிழ் உரைநடைக்கு அப்படியொரு கேட்போர் கூட்டம் அமைந்ததை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

முதலமைச்சரான பிறகும் கடிதம் நிற்கவில்லை. புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த நாளில், 1969 பொங்கல் மலருக்குக் கடைசிக் கடிதத்தை எழுதினார். பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அந்தக் கடிதம் வந்த இதழுக்கு, 1964-இல் தொடங்கியபோது, தன் ஊரின் பெயரையே வைத்திருந்தார்: ‘காஞ்சி’.