சென்னையில் கிறித்தவ ஊழியமும் பத்திரிகைகளும்

சென்னையில் கிறித்தவ ஊழியம் தெருமுனைப் பிரசங்கத்தைவிட அச்சகத்தையும் பள்ளிக்கூடத்தையும் நம்பி வேரூன்றியது. நகரின் இதழியலில் ஒரு பகுதி ஊழியத்திலிருந்து பிறந்தது; இன்னொரு பகுதி அதற்குச் சொன்ன பதிலாகப் பிறந்தது.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சுப்பொறி, வேப்பேரியிலிருந்த ஜெர்மானிய ஊழியர் பப்ரிசியுசிடம் வந்து சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் அச்சு வேலையையும் செய்துதர வேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய தமிழ் - ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் வெளிவந்தது. தமிழின் முதல் இதழாகக் கருதப்படும் 'தமிழ் மேகசின்' ஏட்டை 1831இல் சென்னையின் கிறித்தவச் சங்கமொன்று நடத்தியது.

ஊழியர்களுக்கும் இந்துக்களுக்கும் இடையிலான மோதல் முற்றியது பள்ளிக்கூடத்தில். ஸ்காட்லாந்து ஊழியர் ஜான் ஆண்டர்சன் 1837இல் ஆர்மேனியன் தெருவில் தொடங்கிய பள்ளிக்கு, ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்று இந்துக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. 1841இல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, வகுப்புகள் வெறிச்சோடின. இந்துக்களின் தரப்பைச் சொல்ல ஓர் ஏடு வேண்டும் என்று வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி 1844இல் 'கிரசென்ட்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். அதற்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயர். அரசுப் பள்ளிகளில் விவிலியம் கற்பிக்கும் யோசனை 1846இல் எழுந்தபோது, செட்டி நகரத்தாரைக் கூட்டி எதிர்ப்பு விண்ணப்பம் அனுப்பினார். சென்னையின் அரசியல் பொதுக்கூட்டங்களுக்கு இதை ஒரு தொடக்கம் என்றே கொள்ளலாம்.

ஆண்டர்சனின் பள்ளி பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் இதழ் 1884 செப்டம்பரில் ஒரு பெரிய பரபரப்பைக் கிளப்பியது. அடையாறு பிரம்மஞான சபையில் முன்பு வேலை பார்த்த எம்மா கூலோம், சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் தமக்கு எழுதியவை என்று தந்த கடிதங்களை அது அச்சிட்டது. சபையில் நிகழ்ந்த அற்புதங்கள் முன்னேற்பாடான தந்திரங்கள் என்பது அவற்றின் சாரம். அவை போலி என்று பிளாவட்ஸ்கி மறுத்தார். வேடிக்கை என்னவென்றால், ஆண்டு இறுதியில் அவர் சென்னை திரும்பியபோது வரவேற்பு மடல் வாசித்தவர்களில் அதே கல்லூரியின் மாணவர்களும் இருந்தனர். பாடம் படித்த இடத்தின் நம்பிக்கையையும் ஏற்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இந்த மரபின் இன்னோர் எடுத்துக்காட்டு. முருகன் மலையடிவாரத்து ஊரில் பிறந்தவர், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும் வேலூரில் ஊரிஸ் கல்லூரியிலும் பயின்று, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு வந்தார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற ஊழியர்களின் விமர்சனத்துக்கு விடையாக அமைந்தது அவருடைய 1908ஆம் ஆண்டு முதுகலை ஆய்வேடு. அவருடைய பேராசிரியர் ஹாக், கர்மக் கொள்கையைப் பற்றிய தம் கட்டுரைகளைக் கல்லூரி இதழில்தான் எழுதினார். 'தி இந்து' நிறுவனர்களுள் ஒருவரும் 'சுதேசமித்திரன்' ஆசிரியருமான ஜி. சுப்பிரமணிய ஐயர்கூடச் சிலகாலம் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊழியத்தின் முகம் மாறியது. டி.ஜி.எஸ். தினகரன் போன்றோரின் பெருங்கூட்டங்களும் பெந்தெகொஸ்தே சபைகளும் நகரில் பெருகின. நாளேடுகளுக்குச் சுவரொட்டியும் விளம்பரமுமாக அறிமுகமான இந்த உலகம், தகராறு வந்தால்தான் செய்திப் பக்கத்தை எட்டுகிறது. கத்தோலிக்கரின் பங்குத்தந்தை, தென்னிந்தியத் திருச்சபையின் ஆயர், பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஆகிய மூவரும் அங்கே பெரும்பாலும் 'பாதிரியார்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். சபைக்குள் 'ஊழியம்' எனப்படுவது செய்தியில் 'மதப் பிரசாரம்' ஆகிறது.

கட்டாய மதமாற்றத் தடைக்காகத் தமிழக அரசு 2002இல் கொண்டுவந்த சட்டம் அந்த ஆண்டுகளில் தலைப்புச் செய்தியாகவே இருந்தது; 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. திருமலையில் பிறமதப் பிரசாரம் நடப்பதாக எழுந்த சர்ச்சையை அடுத்து, வழிபாட்டிடங்களில் அதைத் தடுக்கும் சட்டத்தை ஆந்திரம் 2007இல் இயற்றியது. எல்லைப் போராட்டத்தின் பயனாக, இராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி 1960இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்துவிட்டதால், அந்தச் சட்டம் அங்குள்ள முருகன் மலைக்குப் பொருந்தாது.